டீசல் ஷெட்காரன் பார்த்த ரேஸ் கார்

2025 ஜனவரியில் நம் சங்கப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலைவிட அதிகமாகப் பரிமாறப்பட்டது துபாய் கார் ரேஸ் சமாசாரம்தான். நடிகர் அஜித்குமாரின் அணி அங்கே 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்திருந்தது. பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "ஒரு வண்டி இருபத்து நாலு மணி நேரம் ஓடறது என்ன சார் பெரிய விஷயம்? நம்ம தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் முப்பது மணி நேரத்துக்கு மேலே ஓடலையா?"

கேள்வி நியாயமானதுதான். அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடியேன் திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். ஓய்வு பெறும் வரை கையில் டீசல் வாடைதான். ரேஸ் கார் எனக்குச் சம்பந்தமில்லாத உலகம். 2006-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு டீசல் கார் ஜெயித்தது என்று செய்தித்தாளில் படித்ததும், நம்ம ஜாதி எஞ்சின் அங்கே எப்படிப் போயிற்று என்று தேட ஆரம்பித்தேன். இன்று வரை அந்தப் பைத்தியம் விடவில்லை.

லெ மான் 24 மணி நேரப் பந்தயம் 1923-ல் தொடங்கியது. ஒரு சுற்று ஏறக்குறைய 13.6 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் பஸ்ஸும் போகிற சாதாரண நெடுஞ்சாலை. துபாயில் அஜித் அணி ஓட்டியது கடையில் விற்கும் காரிலிருந்து உருவான பந்தய வண்டி. லெ மானில் முதலிடத்துக்கு மோதுபவை 'ப்ரோட்டோடைப்' வகை. பந்தயத்துக்கென்றே காகிதத்திலிருந்து பிறந்தவை. ஷோரூமில் கேட்டால் கிடைக்காது.

இதற்கு நம் லோக்கோ மாதிரி அடிச்சட்டம் கிடையாது. ஓட்டுநர் உட்காரும் கார்பன் இழைத் தொட்டிதான் முன்பாதி. அதன் முதுகில் எஞ்சினைப் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். எஞ்சினின் முதுகில் கியர்பாக்ஸ், கியர்பாக்ஸின் விலாவில் பின் சஸ்பென்ஷன். அதாவது எஞ்சின் என்பது வண்டி சுமக்கும் பாரமல்ல, வண்டியின் முதுகெலும்பே அதுதான். எடை குறைகிறது. ஆனால் கியர்பாக்ஸ் உடைந்தால் வண்டியின் பின்பாதியே போயிற்று.

இந்தச் சங்கடத்தை ஜெர்மனியின் ஆடி கம்பெனி (நம் ஆடி மாதமல்ல, கார் கம்பெனி) சமாளித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 2000-ஆம் வருடம் அவர்கள் கொண்டு வந்த கார் ஆர்-8. உடைந்தால் எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்காமல், எப்படிக் கழற்றி எறிவது என்று யோசித்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டை. சில போல்ட்டுகள், இழுத்தால் எண்ணெய் சிந்தாமல் தானே மூடிக்கொள்ளும் குழாய் இணைப்புகள், அவ்வளவுதான். பழைய மூட்டை வெளியே, புது மூட்டை உள்ளே. ஐந்து நிமிட அளவில் வேலை முடிந்து கார் மறுபடி சாலைக்குப் போய்விடும். எதிரணிக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு இப்படி முழுசாக மாற்றுவதற்கே விதி போட்டுத் தடுத்தார்கள்! 2000, 2001, 2002, 2004, 2005 என ஐந்து தடவை அந்தக் கார் ஜெயித்தது.

ஷெட்டில் நாங்கள் செய்ததும் இதே 'யூனிட் எக்ஸ்சேஞ்ச்'தான். டர்போவைக் கழற்றி அங்கேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். தயாராக இருப்பதை மாட்டி வண்டியை அனுப்பிவிட்டு, பழையதை நிதானமாகப் பார்ப்போம். என்ன, எங்களுக்கு ஒரு ஷிஃப்ட் ஆகும். கிரேன் காலியாக இல்லையென்றால் இரண்டு!

இனி 2006-ன் டீசல் கார். அதன் பெயர் ஆர்-10 டி.டி.ஐ. பன்னிரண்டு சிலிண்டர், மொத்தக் கொள்ளளவு 5.5 லிட்டர், இரண்டு டர்போ, 650 குதிரைசக்திக்கு மேல். எங்கள் டபிள்யூ.டி.எம்-2 லோக்கோவுக்குப் பதினாறு சிலிண்டர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 லிட்டர், ஆக 175 லிட்டர். அது தந்தது 2,600 குதிரைசக்தி. கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் எஞ்சினில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வயிற்றை வைத்துக்கொண்டு நாலில் ஒரு பங்கு வேலை செய்திருக்கிறது அது. எங்களுடையது நிமிடத்துக்கு 1,000 சுற்றோடு நின்றுவிடும், அது 5,000 வரை போகும் என்பது ஒரு காரணம். எங்களுடையது பல வருஷம் உழைக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் போதும் என்பது இன்னொரு காரணம். இதைச் சொல்லாவிட்டால் எங்கள் லோக்கோ கோபித்துக்கொள்ளும்.

டீசலின் குணம் வண்டியின் உருவத்தையே மாற்றியது. எஞ்சின் நீளம், கனம். அதனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினார்கள். குறைந்த வேகத்திலேயே முழு இழுவிசை வந்துவிடுவதால் ஐந்து கியரே போதுமாயிற்று. பார்க்கப் போனவர்களுக்கு ஒரே ஏமாற்றம், கார் கத்தவே இல்லையாம். புகையும் இல்லை, வடிகட்டி போட்டிருந்தார்கள். எங்கள் ஷெட் பக்கம் துணி உலர்த்திய தாய்மார்கள் இதைக் கேட்டால் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

ஒரு கார் 380 சுற்று ஓடி முதலிடம் பிடித்தது. இன்னொன்று இன்ஜெக்டர் கோளாறில் பிட்டில் நேரத்தை விட்டு மூன்றாவதாக வந்தது. மறு வருடம் டீசல் கார்களின் டாங்கை 90 லிட்டரிலிருந்து 81 ஆகக் குறைத்தார்கள். அப்போதும் ஆர்-10-தான் ஜெயித்தது, 2008-லும்.

இந்தக் காருக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2009-ல் ஒரு தனியார் அணி ஆர்-10 காரை லெ மானுக்குக் கொண்டு வந்தது. மூன்று ஓட்டுநர்களில் ஒருவர் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். பந்தயம் தொடங்குமுன் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. மற்ற இருவர் மட்டுமே ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். 2012-ல் சென்னையின் கருண் சந்தோக் அங்கே ஓட்டி ஆறாவதாக வந்த அணியில் இருந்தார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1993 கோடை. நைட் ஷிஃப்ட்டில் நான் சார்ஜ்மேன். வந்து நின்ற லோக்கோவின் லாக் புக்கில் டிரைவர் 'பி.ஏ.பி. குறைவு' என்று எழுதியிருந்தார். பூஸ்டர் ஏர் பிரஷர், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம். அன்று லோக்கோ பற்றாக்குறை. கன்ட்ரோலிலிருந்து போன் மேல் போன். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், சத்தம் நன்றாகத்தான் இருந்தது. பாரம் ஏற்றிச் சோதிக்க நேரமில்லை. 'சோதிக்கப்பட்டது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மலையேற்றத்தில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. எக்ஸாஸ்ட் குழாயின் ஒரு பெல்லோஸில் விரிசல். புகை டர்போவுக்குப் போகாமல் வழியிலேயே கசிந்தால் டர்போ வேகமாகச் சுற்றாது. சுற்றாவிட்டால் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் எண்ணெயை ஊற்றினால் புகைதான் வரும், இழுவை வராது. பின்னாலிருந்து வேறு லோக்கோ வந்து தள்ளி ஏற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல். மே மாதப் பகல், பொதுப் பெட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்த டிரைவர் என்னைத் திட்டவில்லை. லாக் புக்கைத் திறந்து என் கையெழுத்து இருந்த பக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் அவர் என்ன சொல்ல வேண்டும்?

2016 ஜூனில் லெ மான் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. பல வருடமாக முயன்றும் லெ மானில் ஜெயிக்காத டொயோட்டா முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. ஓட்டுநர் காஸுகி நாகஜிமா, சக்தி போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னார். கார் மெல்ல ஊர்ந்து, தங்கள் அணியினர் கண்ணெதிரிலேயே நின்றுவிட்டது. போர்ஷே தாண்டிப் போய் ஜெயித்தது. டொயோட்டா எப்படியோ நகர்ந்து கடைசிச் சுற்றை முடித்தது. ஆனால் அந்தச் சுற்று ஆறு நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடமாயிற்று. பட்டியலில் இடமே கிடைக்கவில்லை.

பிறகு கம்பெனி காரணம் சொன்னது: டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள காற்று வழியில் ஓர் இணைப்பு. எஞ்சின் உடையவில்லை, மின்கலம் உடையவில்லை, இத்தனை கோடி செலவழித்த ஹைப்ரிட் யந்திரம் எதுவும் உடையவில்லை. பக்கத்து இலைக்காரருக்கு என் பதில் இதுதான். ரயிலுக்கு வழியில் லோக்கோ மாற்றலாம், பின்னால் இன்னொன்று வந்து தள்ளலாம். அந்தக் காரைத் தள்ள யாரும் வரக்கூடாது.

பின்னர் 2018 பந்தயத்துக்காக டொயோட்டா தயாரான விதத்தைப் படித்தேன். வேகத்தைக் கூட்டுவதோடு நிற்காமல், சோதனை ஓட்டங்களில் வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி, ஓட்டுநரும் மெக்கானிக்குகளும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். மூன்று சக்கரத்தில் காரைப் பிட்டுக்குக் கொண்டு வரக்கூடப் பயிற்சி! நடுராத்திரியில் சைரன் ஊதி எங்களை ஓடவிடும் விபத்து நிவாரண ரயில் ஒத்திகை மாதிரிதான்.

அந்த 2018 ஜூனில் டொயோட்டா முதல் தடவையாக லெ மானில் ஜெயித்தது. 388 சுற்று. மூன்று ஓட்டுநர்களில் உலகப் புகழ்பெற்ற அலோன்ஸோவும் ஒருவர். ஆனால் கடைசிப் பகுதியில் காரைக் கொடுத்தது நாகஜிமாவிடம். அன்று நின்றுபோன அதே நேர்கோட்டைத் தாண்டிக் கொடியை வாங்கியவர் அவர்தான்.