சிறுத்தையும் சிபியும்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் வழியில் உள்ள தோட்டப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலம் அது. பாடசாலைக்கு எதிரே ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் தேயிலை மலை. அம்மலையின் உச்சியில் வெட்டாமல் விடப்பட்ட ஒரு சிறு காடு. மாசி மாதத்து மாலையொன்றில், வகுப்பு முடிந்த பின்னர், மாணவர் ஐவருடன் அவ்வோடைக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே காட்டோரத்தில் கேளையாடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதை எமக்குச் சுட்டிக் காட்டிய மாணவனே, அதற்குச் சற்று மேலே தேயிலை நிரைகளுக்கு இடையில் அசைந்த வேறொன்றையும் முதலிற் கண்டான்.

அது சிறுத்தை.

வயிறு மண்ணைத் தொட அது ஊர்ந்து வந்தது. கேளை தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கல்லாய்ச் சமைந்தது. தலை தாழ்ந்ததும் மீண்டும் ஓரடி முன்வைத்தது. சிறுத்தை நெடுந்தூரம் துரத்திச் செல்லும் விலங்கன்று. பதுங்கிப் பதுங்கி இரையை அண்மித்து, ஒரு சில பாய்ச்சல்களிலேயே கருமத்தை முடித்தாக வேண்டும், தவறினால் பட்டினிதான். அதன் முயற்சிகளுட் பெரும்பாலானவை தோல்வியிலேயே முடிகின்றன என்பதை நான் பின்னர் படித்தறிந்தேன்.

"சேர், கையைத் தட்டட்டுமா? பாவம் சேர் அது" என்றான் அம்மாணவன். 'அது' என்று அவன் குறித்தது கேளையை.

ஆம் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எழவில்லை. என் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு அவன் பலமாகக் கை தட்டினான். நாய் குரைப்பது போன்ற தன் குரலை எழுப்பிக்கொண்டு கேளை காட்டுக்குள் மறைந்தது. சிறுத்தை எங்களை ஒரு கணம் நோக்கிவிட்டுத் தேயிலைக்குள் நடந்து போயிற்று. மாணவர் ஆரவாரித்தனர்.

அன்றிரவு கீழ் லயத்தில் ஒரு நாய் காணாமற் போயிற்று. ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருத்தி வளர்த்த நாய் அது. பிள்ளைகள் எல்லோரும் கொழும்புக்குப் பிழைக்கப் போய்விட்ட அவளுக்கு அதுவே துணை. காலையில் கான் ஓரத்துச் சேற்றில் காலடிச் சுவடுகள் இருந்தன. அதே சிறுத்தைதானா என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. அதற்கு முன்னரும் அங்கே நாய்கள் பறிபோயிருக்கின்றன. ஆயினும் கை தட்டிய சிறுவன் மறுநாள் என்முன் வந்து நின்றான். "நான் தட்டாம இருந்திருந்தா அந்தப் பாட்டியோட நாய் இருந்திருக்குமா சேர்?" என்று கேட்டான்.

இந்த வினா புதியதன்று. பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறாவைக் காத்த சிபி மன்னனின் கதையை நாம் அனைவரும் பள்ளியிற் படித்திருக்கிறோம். அவன் மரபில் வந்தோர் என்று சோழரைப் போற்றும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஆனால் அக்கதையின் பாதியையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சிபி பருந்தை விரட்டிவிடவில்லை. 'என் உணவைப் பறித்துவிட்டாயே, நான் பட்டினி கிடப்பது அறமா?' என்ற அதன் வழக்கை அவன் செவிமடுத்தான். நியாயம் என்று ஒப்புக்கொண்டான். புறாவின் எடைக்குத் தன் தசையை அரிந்து வைத்தான். பௌத்த ஜாதகக் கதைகளிலும், பசியால் தன் குட்டிகளையே தின்னத் துணிந்த பெண்புலிக்குப் போதிசத்துவர் தம் உடலையே ஈந்தார் என்று ஒரு கதை வருகிறது. இரு கதைகளும் கூறும் நீதி ஒன்றே: வேட்டையின் குறுக்கே நிற்பவன் அதன் விலையைத் தானே கொடுக்க வேண்டும், வேட்டையாடும் உயிருக்கும் வயிறு உண்டு.

குறுக்கிடல் எப்போதுமே தவறு என்பதும் அன்று. 2018ஆம் ஆண்டு ஒளிபரப்பான பீ.பீ.சி. தொடரொன்றுக்காக அந்தாட்டிக்காவில் படம் பிடித்த குழுவினர், பனிப் பள்ளமொன்றில் குஞ்சுகளோடு சிக்கிக்கொண்ட பென்குயின்களைக் கண்டனர். தலையிடாமை என்ற தம் தொழில் விதியை ஒதுக்கிவைத்துப் பனியை வெட்டி ஏறுபடி அமைத்துக் கொடுத்தனர். அங்கே வேறெந்த உயிரின் வாய்க் கவளமும் பறிபோகவில்லை. எமது ஓடைக் கரையில் நிகழ்ந்ததற்கும் அதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

ஊனுண்ணிகளை ஒழித்தால் மான்கள் இன்புற்று வாழும் என்று எண்ணியவர்களும் உண்டு. அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் 1926ஆம் ஆண்டளவில் ஓநாய்கள் அற்றுப்போகும்படி கொல்லப்பட்டன. எல்க் மான்கள் பெருகின. இளமரங்கள் தலையெடுக்க இயலாமல் மேயப்பட்டன. ஈற்றில் 1995இல் கனடாவிலிருந்து ஓநாய்களைப் பிடித்துவந்து விட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் சிங்கமும் இல்லை, வேங்கையும் இல்லை. சிறுத்தையே தலையாய வேட்டை விலங்கு. 1956இல் அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல அதைத் தனி உபவினமாக விவரித்து, 'கொட்டியா' என்ற சிங்களப் பெயரையே அதன் விஞ்ஞானப் பெயரிலும் சேர்த்தார். ஹோட்டன் சமவெளியில் மரையையும், தோட்டப் புறங்களில் கேளை, காட்டுப்பன்றி, குரங்கு, நாய் ஆகியவற்றையும் உண்டு அது வாழ்கிறது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியதற்கு முன்பே, கோப்பிக்காக இம்மலைக் காடுகள் அழியத் தொடங்கிவிட்டன. வெட்டச் சொன்னவர்கள் துரைமார். வெட்டிய கைகள் நம் முன்னோருடையவை. ஆகவே நம் தலையீடு ஒரு சிறுவனின் கைதட்டலோடு தொடங்கியதன்று.

அதன் இன்றைய கொடிய வடிவம் சுருக்குக் கம்பி. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகவே அது பெரும்பாலும் கட்டப்படுகிறது. ஒரு நாட் சம்பளத்தோடு அந்தப் பாத்தியையும் நம்பி வாழும் தொழிலாளியின் நெருக்கடியை நான் அறியாதவனல்லன். ஆனால் கம்பிக்குப் பன்றியென்றும் சிறுத்தையென்றும் பேதம் தெரியாது. 2020 மே மாத இறுதியில், நல்லதண்ணிப் பகுதியின் லக்ஷபான தோட்டத்தில் அரியதொரு கருஞ்சிறுத்தை இவ்வாறு சிக்கிற்று. வனசீவராசிகள் திணைக்களத்தார் அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சையளித்தும், மே 29ஆம் திகதி அது இறந்தது. பன்றிகளைத் தின்று பாத்தியைக் காக்கும் காவலனையே பன்றிக்கு வைத்த கம்பி கொன்றுவிட்டது. 1937ஆம் ஆண்டிலிருந்தே வனசீவராசிகளுக்கெனச் சட்டம் இருக்கிறது. சட்டம் கம்பியை அவிழ்ப்பதில்லை.

அச்சமும் உண்மையானதே. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடிகளுக்கிடையே சிறுத்தையை எதிர்ப்பட்டுக் காயமுற்றிருக்கிறார்கள். ஆளை நோக்கிப் பாயும் விலங்கை விரட்ட எவரும் அறநூலைப் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் 2018 ஜூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நிகழ்ந்தது வேறு. சிலரைக் காயப்படுத்திய சிறுத்தையொன்றைக் கூடி அடித்துக் கொன்று, அதைப் படமும் பிடித்தார்கள். அங்கே அச்சம் எங்கே முடிந்தது, வேறொன்று எங்கே தொடங்கியது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுவனின் வினாவுக்குச் சில நாட்கள் கழித்தே நான் விடை கூறினேன். "நாய் இருந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது, தம்பி. நீ இரங்கியது பிழையில்லை. நான்தான் வாய் மூடி நின்றேன். அந்த இரக்கத்துக்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லை. பாட்டிதான் கொடுத்தாள் போலிருக்கிறது."

அவன் நெடுநேரம் பேசாமல் நின்றான். அடுத்த சனிக்கிழமை, பாடசாலையின் உடைந்த வாங்குப் பலகைகளைக் கொண்டு, கதவும் தாழ்ப்பாளும் உள்ள நாய்க்கூடு ஒன்றை ஐவரும் செய்தார்கள். ஆணிக்கான பணத்தை நான் கொடுத்தேன். லயத்தின் பின்புறம் குவிந்து கிடந்து நாய்களையும் பன்றிகளையும் வரவழைத்த குப்பையையும் அகற்றிப் புதைத்தார்கள். மூதாட்டி அயல் வீட்டிலிருந்து ஒரு குட்டியை வாங்கி வந்தாள். இருட்டியதும் அதைக் கூட்டில் விட்டுத் தாழிடும் வேலையை அச்சிறுவன் தானாகவே ஏற்றுக்கொண்டான். நான் மாற்றலாகிச் செல்லும் வரையில் ஒரு மாலையேனும் அவன் அதைத் தவறவிட்டதில்லை.