டி.சி. வாங்கும் முன் ஒரு கடிதம்

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. காலை பஸ்ஸில் ஓசூர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு வேலை போய்விடும், அல்லது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும். "இனி உள்ளூரிலேயே படிக்கட்டும்" என்று இரண்டாம் ஆண்டில் வீட்டில் முடிவாகும்.

பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் கடக்கும் இந்த எல்லை, படிப்புக் கணக்கில் பெரியது. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அந்தப் பக்கம் பொறியியலுக்கு பெலகாவியில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பாடத்திட்டம் வேறு, தாள்கள் வேறு.

"கிரெடிட் எல்லாம் பேங்க்கில் இருக்கிறது, அப்படியே மாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2021 ஜூலையில் கொண்டுவந்த கிரெடிட் வங்கியில், டிஜிலாக்கர் வழியாக மாணவர் கணக்கு தொடங்கலாம். ஆனால் கிரெடிட்டை ஏற்றுவது கல்வி நிறுவனத்தின் வேலை. மாணவர் தானாக ஏற்ற முடியாது. ஏற்றிய கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். பட்டம் கொடுக்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீதம் கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். 140 கிரெடிட் பட்டம் என்றால், வெளியிலிருந்து 70-க்கு மேல் கொண்டுவர முடியாது.

வங்கியில் இருப்பதாலேயே புதிய பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் என்று ஆகிவிடாது. எந்தத் தாள் எதற்குச் சமம் என்று அவர்கள்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்துப்போகாத தாளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். மொழித்தாளில் தனிக் கவனம் வேண்டும்: தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. அங்கே எடுத்த மொழி இங்கே கணக்கில் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். அரியர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆகவே வரிசை முக்கியம். மதிப்பெண் பட்டியல்களையும், முத்திரை வைத்த பாடத்திட்ட நகலையும் எடுத்துக்கொண்டு முதலில் சேரப்போகும் கல்லூரிக்குப் போங்கள். எந்த செமஸ்டரில் சேர்ப்பார்கள், எத்தனை தாள் கூடுதலாக எழுத வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கல்லூரி சொன்னால் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கியவருக்கு அங்கேயும் இடம் இல்லை, இங்கேயும் இல்லை என்ற நிலை வந்துவிடும். ஒரு வருடமே போய்விடலாம்.

பழைய கல்லூரி அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டால் பணிந்துபோக வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூஜிசியின் 2018 அறிவிப்பு சொல்கிறது. சேர்ந்த உடனே விலகுபவருக்குக் கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் அதில் இருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளிலிருந்து 30 நாள் தாண்டிவிட்டால் அதன்படி எதுவும் வராது.

முறையிட வேண்டுமானால், யூஜிசியின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு கூடுமானவரை 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யூஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதியலாம். மனுவை எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

பெற்றோரே, புதிய இடத்தின் கடிதம் கைக்கு வரும்வரை பழைய கல்லூரியில் டி.சி.க்கு எழுதிக் கொடுக்காதீர்கள்.