அண்ணனின் ஃபைபர் வள்ளம்

ஆஸ்டின் டவுனில் குடியிருக்கும் ஒருவன் படகைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று வாசக அன்பர்கள் புன்னகைக்கலாம். எங்கள் தெருவிலிருந்து எந்தத் திசையில் போனாலும், கடலைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். சங்கத்துக்கு வரும்போது கண்ணில் படும் அல்சூர் ஏரிதான் நமக்கெல்லாம் கடல்.

ஆனால் நான் பிறந்தது குமரி மாவட்டத்தில், முட்டத்துக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில். அப்பா கட்டுமரக்காரர். அண்ணன் அவரோடு கடலுக்குப் போனார். நான் பிழைப்புத் தேடி பெங்களூருக்கு வந்து, நீலசந்திராவில் ஒரு மரவேலைப் பட்டறையில் சேர்ந்து, பிறகு சொந்தமாகவே சிறிய பட்டறை வைத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ப்ளைவுட்டோடுதான் என் வாழ்க்கை. ஆகவேதான் சென்ற ஆண்டு அண்ணன் மகன் என்னைக் கூப்பிட்டான்.

"சித்தப்பா, அப்பாவோட வள்ளத்த என்ன செய்யலாம்? வித்திரலாமா, சரிபண்ணலாமா? நீங்க வந்து ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

அந்த வள்ளத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அண்ணனின் பழைய படகு போயிற்று. மறு ஆண்டு நிவாரணத்தில் கிடைத்தது இந்த ஃபைபர் வள்ளம். அந்த நாட்களில் தமிழகக் கடற்கரை முழுவதும் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் செய்தவை, எல்லாம் ஒரே தரமாக இருக்கவில்லை. அண்ணனுடையது நல்ல வள்ளம். பன்னிரண்டு ஆண்டுகள் சோறு போட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. எங்கள் கடற்கரையில் பல வீடுகளில் ஆண்கள் திரும்பி வரவில்லை. அண்ணன் அன்று கரையில் இருந்ததால் தப்பினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கடலில் இறங்கவேயில்லை. எஞ்சினை விற்றார். வள்ளத்தைத் தென்னையடியில் ஏற்றி வைத்து ஓலை போட்டு மூடினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரும் மறைந்தார்.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய மகனுக்கு இப்போது சொந்தத் தொழிலாகக் கடலுக்குப் போக ஆசை. புது வள்ளம் வாங்கக் கையில் பணம் போதாது. மதினிக்கோ அந்த வள்ளத்தை விற்க மனமில்லை. தீர்ப்பு என் தலையில் விழுந்தது.

பிப்ரவரி மாதத்தில் இரவு ரயிலேறி நாகர்கோவிலில் இறங்கினேன். ஓலையை நீக்கிப் பார்த்தபோது, வெளியே வள்ளம் நன்றாகத்தான் இருந்தது. சாயம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார், "ஃபைபருக்கு என்ன கேடு? ஒரு கோட்டிங் அடிச்சு இறக்குங்க" என்றார்கள்.

ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. ஃபைபர் என்பது கண்ணாடி இழைப் பாயைப் பிசினில் ஊறவைத்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் படிய வைப்பது. அது மக்காது, செல்லும் அரிக்காது. ஆனால் வெறும் ஓடு வளையும். ஆகவே அமரத்தில் எஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள் ப்ளைவுட்டும், அடியில் நீளவாக்கில் மரச் சட்டங்களும் வைத்து, அவற்றின்மேல் ஃபைபரைப் பூசி மூடிவிடுகிறார்கள். படகின் பலமே உள்ளே ஒளிந்திருக்கும் அந்த மரத்தில்தான். எஞ்சின் போல்ட்டுக்குப் போட்ட ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கினால், மரம் குடித்துக்கொள்ளும். இருபுறமும் மூடியிருப்பதால் குடித்த நீர் வெளியேற வழியில்லை. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு ஏது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்பு நீரைவிட மழைநீர்தான் மரத்தைச் சீக்கிரம் மக்கச் செய்யும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அண்ணனின் வள்ளத்தைக் கடல் கெடுக்கவில்லை. கிழிந்த ஓலைக்கடியில் ஆண்டுக்கு இரு முறை மழைநீர் தேங்கித்தான் கெட்டது.

அப்பாவின் கட்டுமரம் நினைவுக்கு வந்தது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார். எந்த மரம் கெட்டது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதை மட்டும் மாற்றுவார். பிறகு பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறியது. 1980களில் பியர் ஜிலே என்பவர் முன்னின்று முட்டத்தில் ப்ளைவுட் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். சிறு படகைக் கடற்கரை மக்களிடம் கொண்டு சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் 1985-இல் ஒரு நூலாகவே எழுதினார். அதன்பின் ஃபைபர் பெருகியது. வசதி கூடியது, ஆனால் உள்ளே இருப்பதைத் தினம் அவிழ்த்துப் பார்க்கும் வழக்கம் போயிற்று.

ஊரில் படகு கட்டும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டோம். வேலையைத் தொடங்குமுன் நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பின்பலகை மட்டும் கெட்டிருந்தால் சரிசெய்வது. அடிச்சட்டங்களும் போயிருந்தால் விட்டுவிடுவது. ஏனென்றால் சட்டங்களை மாற்றத் தளம் முழுவதையும் அறுத்தெடுக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் புது வள்ளத்துக்கே முன்பணம் கட்டிவிடலாம்.

பெரியவர் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பக்கங்களில் 'டக் டக்' என்று கெட்டியான ஓசை. பின்பலகையில் 'தொப் தொப்' என்றது. உட்புறத்தில் சிறு துளை போட்டோம். காய்ந்த மரத்தூள் வரவேண்டிய இடத்தில், காப்பித்தூள் நிறத்தில் ஈரச் சேறு வந்தது. மதினி பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை.

அடிச்சட்டங்கள் நான்கு. மூன்றில் துளையிட்டபோது வெளிறிய, காய்ந்த தூள் வந்தது. நான்காவதில், பின்பலகையைத் தொடும் முனையில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு ஈரம். என் கணக்குப்படி வள்ளம் தேறிவிட்டது.

"பழைய பலகைக்கு மேலேயே புதுசா ஒண்ணு ஒட்டி ஃபைபர் அடிச்சிரலாம் சித்தப்பா, செலவு பாதிதான்" என்றான் பையன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இற்ற மரத்தின்மேல் ஒட்டிய பலகை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நடுக்கடலில் எஞ்சினோடு பின்பலகை பெயர்ந்தால் என்ன ஆகும்? செய்வதானால் மக்கியதை முழுவதும் தோண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓடாகவே கிடக்கட்டும் என்றேன்.

ஆனால் அதில் ஒரு சங்கடம். அந்தப் பின்பலகையின் உட்புறத்தில்தான் அண்ணன் தன் கையால் மகனின் பெயரைச் செதுக்கி வைத்திருந்தார். அறுத்தால் அதுவும் போகும். மதினியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவரே பேசினார்:

"தம்பி, கடலுக்குப் போறவன் திரும்பி வரணும். பலக அப்படியே இருக்கணும்னு நான் எப்போ சொன்னேன்? அறுத்து எடுங்க."

மறுநாளே வேலை தொடங்கியது. உட்புற ஃபைபரை அறுத்து, மக்கிய மரத்தை உளியால் சுரண்டி எடுத்தோம். கூடையில் அள்ளும்படிதான் இருந்தது. நான்காவது சட்டத்திலும் கெட்ட முனையை வெட்டிவிட்டுப் புதுக்கட்டை சேர்த்தோம். பத்து நாள் வெயிலில் காயவிட்டோம். ஈர மரத்தில் பிசின் ஒட்டாது. 'வாட்டர்புரூஃப்' என்று கடையில் சொல்வது பெரும்பாலும் பசையைப் பற்றிய பேச்சு என்பது என் தொழிலில் கற்ற பாடம். ஆகவே ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து மரைன் ப்ளைவுட் வாங்கினோம். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகப் போட்டு, பிசின் கலவையால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இனி நீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. பிசினைக் கலக்கும்போது கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். தனித்தனியாகத்தான் பிசினில் விட வேண்டும். கண்ணாடித் தூளுக்கு முகமூடி அவசியம். வீட்டில் முயல்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

மொத்தச் செலவு, புது வள்ளத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்தது. பாதியை ஆஸ்டின் டவுனில் நான் போட்டிருந்த ஏலச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுபாதி பையனின் வளைகுடாச் சேமிப்பு.

ஈஸ்டர் முடிந்த வாரம் வள்ளம் கடலில் இறங்கியது. செதுக்கிய பெயர் இருந்த ஃபைபர்த் துண்டை மட்டும் மதினி கழுவி எடுத்து, வீட்டில் அண்ணனின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். முதல் நாள் அதிகாலையில் போனவன் கரையேறும் வரை அவர் மணலிலேயே உட்கார்ந்திருந்தாராம். நானும் இங்கே பட்டறையில் கைபேசியைப் பார்த்தபடியே இருந்தேன். "வந்துட்டேன் சித்தப்பா, பலக அசையல" என்று அவன் சொன்ன பிறகுதான் ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

நம்மில் பலருக்கு ஊரில் ஏதோ ஒன்று கிடக்கிறது. ஓலை போட்ட வள்ளமாக இருக்கலாம். பூட்டிய வீடாகவும் இருக்கலாம். 'அப்பா காலத்துப் பொருள்' என்று விற்கவும் மாட்டோம், திறந்து பார்க்கவும் மாட்டோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சிறு சுத்தியலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அன்பர்களே. தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.