பழைய போர் விமானத்தைப் பார்ப்பது எப்படி?

பழைய போர் விமானங்கள் நிற்கும் மியூசியத்துக்குள் போனால் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். மூக்கருகே போய் நிற்கிறோம், அங்கே தீட்டியிருக்கும் படத்தையும் பெயரையும் ரசிக்கிறோம், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நகர்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக நின்றால், அந்த விமானம் எந்த வானத்தில் பறந்தது, யார் கையில் இருந்தது, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று அதனிடமே தெரிந்துகொள்ளலாம். எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு சேர்ந்தே பார்ப்போம்.

அதன் பெயர் பி-24 லிபரேட்டர். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா கட்டிய, நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானம். சிறகின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 33 மீட்டருக்கும் மேல். 18,000-க்கும் அதிகமாகக் கட்டினார்கள்; அமெரிக்க ராணுவ விமானங்களில் வேறு எந்த வகையும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. இன்று முழு உருவில் மிஞ்சியிருப்பவை ஒரு டஜனைச் சுற்றித்தான் இருக்கும். போரில் விழுந்தவை போக, மீதியைப் போர் முடிந்த கையோடு உடைத்து உருக்கிவிட்டார்கள்.

அந்தச் சிலவற்றில் ஒன்றை அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை சீர்செய்து 1989-இல் மறுபடியும் பறக்கவிட்டது. 2005-இலிருந்து அதன் மூக்கில் ‘விட்ச்கிராஃப்ட்’ என்ற பெயர் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஜெர்மனி மீது குண்டு வீசப் போன புகழ்பெற்ற லிபரேட்டர் ஒன்றின் பெயர் அது. பார்க்க வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஐரோப்பிய வானில் பீரங்கிச் சூட்டுக்குத் தப்பிவந்த விமானம் இதுதான் என்று.

எல்லோருக்கும் வருகிற மயக்கம் இதுதான். விமானத்தின் மேல் இருக்கும் நிறமும் பெயரும் எண்ணும் அதனுடைய சொந்த வரலாறு என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவை மியூசியம் அணிவித்த வேஷம். நாம் பார்க்கும் இந்த விமானம் ஐரோப்பியப் போருக்குப் போகவே இல்லை. விட்ச்கிராஃப்டுக்கு முன்னால் ‘ஆல் அமெரிக்கன்’, ‘தி டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்’ என்று வேறு இரண்டு விமானங்களின் பெயரையும் அது தாங்கியிருக்கிறது. மூன்றுமே அதன் கதை அல்ல.

அதன் கதை எண்களில் இருக்கிறது. அமெரிக்கா அதற்கு முதலில் இட்ட எண் 44-44052. முன்னால் உள்ள 44, எந்த நிதியாண்டின் கணக்கில் அது வாங்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கைமாறியபோது அது கேஎச்191 ஆனது. மூன்றாவது எண் எச்இ771. அது இந்திய விமானப் படை இட்டது.

இந்தியா எப்படி இதற்குள் வந்தது? போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டில் விமானங்கள் கொடுத்தது. போர் முடிந்தபின் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் பயனற்றதாக்கிவிட வேண்டும். பர்மா முனையில் பறந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் கொண்டுவந்து நிறுத்தி, இனி யாரும் ஓட்ட முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948-இல் புதிய நாட்டுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணமில்லை. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் கான்பூர் போய், சிதைந்து கிடந்தவற்றில் தேறுபவற்றைப் பொறுக்கினார்கள். ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் பூட்டி, ஒருமுறை பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். தலைமைச் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுதாகச் சீர்செய்யப்பட்டுச் சுமார் நாற்பது விமானங்கள் படையில் சேர்ந்தன. குப்பை என்று கைவிடப்பட்டவை 1968 வரை, இருபது ஆண்டுகள் பறந்தன. நம் நாட்டுப் பொறியாளர்களின் கைவேலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அதற்குள் உலக மியூசியங்கள் விழித்துக்கொண்டன. லிபரேட்டர் வேண்டுமென்றால் இந்தியாவைத்தான் கேட்க வேண்டும் என்ற நிலை. கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து ஒரு லிபரேட்டரை வாங்கிக்கொண்டது. பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா மியூசியம் ஆகியவற்றில் நிற்பவையும் இங்கிருந்து போனவைதான். மிஞ்சியிருப்பவற்றில் ஏறக்குறைய பாதி இந்தியாவால் பிழைத்தவை. ஆனால் வெளிநாடு போனவற்றின் மேல் நம் மூவர்ணக் கொடியின் நிறங்களைக் கொண்ட வட்டம் இருக்காது; அந்தந்த நாட்டுக்குப் பிடித்த நிறமே இருக்கும். மியூசியங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. தங்கள் ஊர் வீரர்களின் நினைவாக ஒரு விமானத்தை நிறுத்த நினைக்கிறார்கள். கிடைத்த விமானம் வேறு கதையுடையதாக இருக்கிறது. என்றாலும் அந்தச் சொந்தக் கதை விளக்கப் பலகையின் அடியில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுவது வருத்தம்தான்.

இனி கேமராவுக்கு வருவோம். முதலில் ஃபிளாஷை அணைத்துவிடலாம். வெளிச்சம் தூரம் போகப்போக வேகமாக வலுவிழக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதனால் மூக்கு வெளுத்துப் போகும், வால் இருட்டில் மறையும். விமானம் எங்கும் ஓடப்போவதில்லை. தடுப்புக் கம்பியில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி, ஷட்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்துவைத்தால் கூடத்தில் இருக்கும் வெளிச்சமே போதும். ஃபோனாக இருந்தாலும் இதே முறைதான்.

முழு விமானத்தை ஒன்றிரண்டு படங்களோடு விட்டுவிட்டு, சிறிய விஷயங்களைத் தேடுவோம். விளக்கப் பலகையைக் கடைசி வரி வரை படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உண்மையான எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெளியே வாலில் தீட்டியுள்ள எண்ணை நம்ப முடியாது, அதுவும் வேஷத்தின் பகுதியாக இருக்கலாம். அடுத்து, தயாரிப்பாளர் ஆணியடித்த சிறிய உலோகத் தகடு. விமானி அறையிலோ, கதவு நிலையிலோ, சக்கரம் மடங்கும் குழியிலோ இருக்கும்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சன்னலிலிருந்து வெளிச்சம் சாய்ந்து விழும் பக்கமாகப் போய், உடலை ஒட்டிக் கோணலாகப் பார்க்க வேண்டும். வெள்ளையடித்த சுவரில் மாலை வெயில் சாயும்போது பழைய தேர்தல் சின்னத்தின் விளிம்பு மேலெழுந்து தெரியுமே, அதுபோலப் புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய வட்டமோ எண்ணோ மெல்லிய கோடாகத் தென்படுவதுண்டு. ஒட்டுப்போட்ட தகடுகளும், வரிசை மாறிய ரிவெட்டுகளும் அப்போதுதான் கண்ணில் படும். படம் எடுக்க வேண்டிய இடம் அது.

வேஷமே போடாமல் விட்டதும் உண்டு. 1942-இல் நார்வேயின் உறைந்த ஏரி ஒன்றில் இறங்கி மூழ்கிய ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தை 1973-இல் மேலே எடுத்தார்கள். ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம் அதை முழுதாகப் புதுப்பிக்காமல், அரித்துப்போன உடம்போடு காட்சிக்கு வைத்தது. என் கணக்கில் அதுவே நேர்மையான முடிவு.

லிபரேட்டரைப் பார்க்க நாம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. டெல்லியில் பாலம் விமானப் படை மியூசியத்தில் எச்இ924 நிற்கிறது, தான் உண்மையிலேயே பறந்த படையின் அடையாளத்தோடு. கனடா கொடுத்த லைசாண்டரும் அந்த மியூசியத்துக்குத்தான் வந்தது. டெல்லி போகும்போது அரை நாள் ஒதுக்குங்கள். கேமரா கொண்டுபோகலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.