மார்கழிப் பனியில் நாயோடு ஒரு நடை: தெரியுமா இந்த அதிசயங்கள்?

பனியில் நாயோடு நடப்பது என்றதும் சுவிட்சர்லாந்து மலையும் கம்பளிக் கோட்டும்தானே கண்முன் வருகின்றன? நம் பாரதக் கதையின் முடிவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்! திரௌபதியும் தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, இமயத்தில் தருமர் ஒருவர்தான் நடக்கிறார். கூடவே வருவது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று நின்றுவிடுகிறார் தருமர். அந்த நாய் தருமதேவதையேதான்! பனிநடையின் மகத்தான கதை நம்மிடமே இருக்கிறது.

நாய்க்கு நன்றி சொல்லிக் கல் நட்ட ஊரும் நம்முடையதுதான், தெரியுமா? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டு! மாட்டு மந்தைக்கான சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனும், அவன் பக்கத்திலேயே அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததாம். எத்தனையோ ராஜாக்களின் பெயரே மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் சுமார் 1,400 வருஷமாக நிலைத்திருக்கிறது!

சரி, நம் சென்னை சைதாப்பேட்டையில் ஏது பனிமலை என்று கேட்கிறீர்களா? மார்கழி இருக்கிறதே! மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்ததும், இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த தரைக்கு மேலே காற்றின் ஈரம் மூடுபனியாகிறது. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 13.9 டிகிரி செல்சியஸ்! 1895 டிசம்பர் 11 அன்றும், 1905 ஜனவரி 29 அன்றும் அந்தக் குளிர் அடித்தது. இப்போது ஜனவரி விடியலில் சராசரியாக 21 டிகிரி. அதற்கே நமக்குக் குல்லா, மப்ளர், சூடான காபி எல்லாம் வேண்டியிருக்கிறது.

நாய்க்கோ அதுதான் வரம்! அதன் உடல் வெப்பமே 38 டிகிரிக்கு மேல். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டை ஆற்றிக்கொள்ள அதனால் முடியாது. வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில் மட்டும். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் தணிக்க வேண்டும். பத்து மாதம் புழுங்கிக் கிடந்த சென்னை நாய்க்கு மார்கழியும் தையும் எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்! விடியற்காலையில் காரணீஸ்வரர் கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலெல்லாம் கோலம், நடுவே பூசணிப்பூ. கயிற்றை மட்டும் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோலத்துக்காக ஒருத்தி நாலு மணிக்கே எழுந்திருப்பாள்.

உறைபனியில் செருப்பில்லாமல் ஓடும் நாயின் பாதம் ஏன் விறைத்துப்போவதில்லை? ஜப்பானின் யாமசாகி ககுவேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் விடை சொன்னார்கள். பாதத்துக்குச் சூடான ரத்தம் கொண்டுபோகும் தமனிகளைச் சுற்றி மெல்லிய சிரைகள் வலைபோல் பின்னியிருக்கின்றன. குளிர்ந்து திரும்பும் ரத்தம் அங்கேயே சூடேறித்தான் உடம்புக்குள் போகிறது! ஆனால் கொதிக்கும் தாருக்கு இந்த ஏற்பாடு உதவாது. சித்திரை வெயிலில் நாயை இறக்குமுன் உங்கள் புறங்கையைச் சில விநாடி ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

மூக்கைப் பற்றிச் சொல்லாமல் எப்படி விடுவது! மூச்சை நேராக இழுத்து, பக்கவாட்டுக் கீறல் வழியே வெளியே விடுகிறது. வெளியேறும் காற்று, வரும் வாசனையைக் கலைப்பதில்லை. மூக்கின் ஈரத்தில் வாசனைத் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஜில்லென்ற மூக்குநுனி வாசனை பார்ப்பதோடு நிற்கவில்லை! சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து வரும் லேசான வெப்பத்தைக்கூட நாய் உணர்வதாக ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் ஹங்கேரி ஆய்வாளர்களும் 2020-ல் கண்டறிந்தார்கள். மூக்கின் கோடுகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு நாய் ஒரு கம்பத்தடியில் நின்று மோந்தால் இழுக்காதீர்கள். நடையில் அதற்குக் கிடைக்கிற பெரிய சந்தோஷமே அதுதான்.

இன்னொன்று! கயிறு இல்லாமல் வெட்டவெளியில் விட்ட நாய், மலம் கழிக்க உட்காருமுன் சுற்றிச் சுற்றி வருமே, பார்த்திருக்கிறீர்களா? செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களைக் கவனித்து, 1,893 முறை குறித்துக்கொண்டு, 2013-ல் வெளியிட்டார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் அவை வடக்கு–தெற்காக உட்காரவே விரும்புகின்றனவாம்!

உண்மையான பனிநாட்டில் நாய்கள் செய்தவை இன்னும் பெரியவை. ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள செயின்ட் பெர்னார்ட் கணவாய் மடத்தில் பாரி என்ற நாய் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். 1814-ல் இறந்த அதன் உருவம் பெர்ன் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் தாக்கியபோது, 20 ஓட்டிகளும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, 1,085 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள்! மிக நீண்ட தூரம் ஓடியது டோகோ. நியூயார்க் பூங்காவில் சிலை கிடைத்தது கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோவுக்கு.

டோகோவும் பால்டோவும் ஹஸ்கி இனம். அந்த ஹஸ்கியைத்தான் இன்று நம்மில் சிலர் அடுக்குமாடி வீட்டுக்கு வாங்கி வருகிறோம். இரட்டை அடுக்கு ரோமம், பனிக்காகவே பிறந்த உடம்பு. அதை மே மாதச் சென்னையில் பூட்டிவைப்பது கொடுமை என்பதே என் தீர்ப்பு. வணிக இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு 2016-ல் தடை விதித்தது மிகச் சரியான காரியம்.

நம் மண்ணுக்கென்றே நாய்கள் இருக்கின்றனவே! ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. எல்லாவற்றுக்கும் குட்டை ரோமம்; அவற்றில் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களுமாக முயலை விரட்டப் பிறந்தவை. இவற்றைக் காப்பாற்ற அரசு கால்நடைத் துறை 1980–81-ல் ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது எங்கே தெரியுமா? நம்ம சைதாப்பேட்டையில்! பராமரிப்பு சரியில்லை என்று வழக்கு வந்து, 2016-ல் உயர் நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் ஒன்று. ஒரு வருத்தமான உண்மையும் உண்டு: தூய வெள்ளை நிறத்துக்காகவே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில், ராஜபாளையம் குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாதவை. வாங்குமுன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்; கேட்காவிட்டால் ஒதுக்காதீர்கள், கைச்சாடையில் அழகாகக் கற்றுக்கொள்ளும்.

தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து பெருக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று 1960களிலேயே சொல்லிச் செய்யத் தொடங்கியதும் சென்னைதான்! அதைச் செய்தது, 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்.

இந்த மார்கழியை விட்டுவிடாதீர்கள். போகிப் புகை அன்று மட்டும் வெளியே வேண்டாம். 2018 போகிப் புகையில் சென்னை விமானங்களே தடுமாறின, அந்த மூக்கு என்ன பாடுபடும்! வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கில் உண்ணி பாருங்கள். நாய் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், கடைக்குப் போகுமுன் உங்கள் தெருமுனையில் சாக்குப்பைமேல் சுருண்டிருக்கும் குட்டியைப் பாருங்கள். ஊசி போட்டு, கழுத்தில் ஒரு பட்டை கட்டி, அதையே கூட்டிக்கொண்டு நடங்கள்!