'பச்சை' என்றால் பச்சையாக உண்பதற்கா?

ஜப்பானிய உணவு என்றதும் பச்சை மீன்தான் நம் நினைவுக்கு வருகிறது. மீன் புதிதாக இருப்பதும் சமையற்காரரின் கைத்திறனுமே அதைப் பாதுகாப்பான உணவாக்குகின்றன என்பது பரவலான எண்ணம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அறிய, குளிர்காலத்தில் அந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் உறையவைத்த நண்டைக் கவனித்தால் போதும்.

வேகவைத்து உறையவைத்தது, வேகவைக்காமல் உறையவைத்தது என அந்த நண்டு இரு வகையாக வருகிறது. ரஷியா போன்ற நாடுகளிலிருந்தும் அது இறக்குமதியாகிறது. மேசையிலேயே அடுப்பை வைத்துக் குடும்பத்தினர் சுற்றி அமர்ந்து உண்ணும் 'நபே' என்ற கொதிசாற்று உணவுக்கு வேகாத நண்டே ஏற்றது. ஏற்கெனவே வெந்ததை மீண்டும் கொதிக்கவைத்தால் அதன் சாரம் போய்விடும். அதே வேளையில், வேகாத நண்டைப் பனிக்கட்டி முழுவதும் கரையும்வரை வைத்திருந்தால் அதிலுள்ள நொதிகளால் சதை கறுத்துவிடும். ஆகவே, பாதி இளகியதும் கொதிசாற்றில் இட்டுவிடுகின்றனர்.

சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளின் மேல் 'நமா' என்று எழுதப்பட்டிருக்கும். 'பச்சை' என்பது அதன் பொருள். வேகாதது என்றும் கொள்ளலாம். பச்சையாக உண்ணத்தக்கது என்றும் கொள்ளலாம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, விருந்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவாகிவிடக் கூடும். கடுங்குளிர் ஒட்டுண்ணிகளைக் கொல்லும். பாக்டீரியாக்களிலோ பல, உறங்கிக் கிடந்து வெப்பம் கிடைத்ததும் பெருகத் தொடங்கும்.

எனவே, வெட்டியோ ஓடு நீக்கியோ உறையவைத்த கடலுணவு பச்சையாக உண்பதற்கா, இல்லையா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது ஜப்பானியச் சட்டம். பச்சையாக உண்பதற்கு உரியது எனில், ஒரு கிராமில் பாக்டீரியா எண்ணிக்கை 1,00,000-ஐத் தாண்டக் கூடாது. கோலிஃபார்ம் கிருமிகள் இருக்கவே கூடாது. மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில் வைத்திருக்க வேண்டும்.

இத்தகைய கண்டிப்புக்குப் பின்னால் துயர வரலாறு உண்டு. 1950-இல் ஒசாகாவில் சிறு மீன்களை உண்ட 272 பேர் நோயுற்றனர். 20 பேர் உயிரிழந்தனர். அதை ஆராய்ந்த மருத்துவ அறிஞர் ஃபுஜினோ, கடல்நீரில் வாழும் 'விப்ரியோ பாராஹீமோலிடிகஸ்' என்ற பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் அது பலரை வாட்டியது. பச்சையாக உண்ணும் கடலுணவில் அந்தக் கிருமி கிராமுக்கு 100-ஐத் தாண்டலாகாது என்ற வரம்பு 2001-இல் வந்தது. அதன் பிறகு அக்கிருமியால் நேரும் உணவு நச்சு வெகுவாகக் குறைந்தது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நம்பிக்கை நிலைக்காது என்பதை, 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப். பல்லாண்டுகள் வகுப்பறையில் இதைக் கற்பித்த எனக்கு, இந்த நண்டுப் பெட்டி அதனினும் எளிய பாடமாகத் தோன்றுகிறது. பாக்டீரியாவைக் கண்ணால் காண முடியாது. நாவால் அறியவும் முடியாது. வாங்குபவருக்குள்ள துணை, பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட அந்த ஒரு வரி மட்டுமே.

பச்சையாக உண்ணும் துணிவு ஜப்பானியரின் மரபு தந்தது எனலாம். அந்தத் துணிவு வீண் போகாமல் காப்பது, கண்ணுக்குத் தெரியாததை அளந்து சொல்லும் விதியே ஆகும்.