தேரைக்கு வந்த பெயர்கள்: அன்றும் இன்றும்

இலத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் அன்று தேங்காயை உடைத்து உள்ளே பருப்பு இல்லாவிட்டால், "தேரை மோந்துட்டு" என்று சொல்லித் தூர எறிவார்கள். தென்னை மட்டை இடுக்கிலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிற மரத்தவளைதான் அந்தத் தேரை. அது தின்பது பூச்சிகளை. தேங்காய் ஓட்டைத் துளைக்கும் வலு அதற்கு ஏது? இன்று வேளாண் துறையினர் பருப்பில்லாத அந்தக் காயை ஒல்லிக்காய் என்கிறார்கள். மகரந்தச் சேர்க்கை குறைவு, போரான், சாம்பல் சத்துப் பற்றாக்குறை என்று காரணம் காட்டி உரம் வைக்கச் சொல்கிறார்கள். வீண்பழி ஒருவழியாகத் தீர்ந்தது.

அறிவியலும் இந்தத் தேரையை உடனே புரிந்துகொண்டுவிடவில்லை. 1830இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே, விரல் நுனி வட்டுகளை வைத்து, ஐரோப்பிய மரத்தவளைகளின் ஹைலா பேரினத்தில் இதைச் சேர்த்தார். 1890இல் புலெஞ்சர் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூலில் இது ராக்கோபோரஸ் ஆனது. 1970இல் லீம் என்ற ஆய்வாளர் எலும்பையும் தசையையும் ஒப்பிட்டுப் பாலிபெடேட்ஸ் பேரினத்தைத் தனியே நிலைநிறுத்தினார். இன்று இதன் பெயர் பாலிபெடேட்ஸ் மாக்குலேட்டஸ். மரபணு ஆய்வு சொல்வது இன்னும் வியப்பு: ஐரோப்பிய மரத்தவளையைவிட நம் வயல் தவளைதான் இதற்கு நெருங்கிய சொந்தம். மரமேறும் விரல்கள் இரு வம்சங்களிலும் தனித்தனியே உருவானவை.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. தெற்கே களக்காட்டு மலையிலும் முதுகில் உடுக்கை போன்ற குறியுள்ள ஒரு மரத்தவளை உண்டு. இலங்கையில் உள்ள இனம்தான் இங்கும் இருக்கிறது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். இந்திரனீல் தாஸும் ரவிச்சந்திரனும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதைப் பாலிபெடேட்ஸ் சூடோகுருசிகர் என்று தனி இனமாக விவரித்தார்கள். அதுவரை நம் மலைக்கே உரிய ஓர் உயிர் அடுத்த நாட்டுக் கணக்கில் கிடந்தது. தனி இனம் என்று தெரிந்த பிறகுதானே அதற்கென்று காடு கேட்க முடியும்?

தோப்புத் தேரைக்குக் காடு வேண்டாம்; தேங்கிய தண்ணீர் போதும். மழைக்காலத்தில் பெண் தேரை தன் உடலிலிருந்து சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, முட்டைகளை அதற்குள் வைக்கிறது. மேல்நுரை காய்ந்து பழுப்பேறும். உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நெளிந்து கீழே உள்ள தண்ணீரில் ஒவ்வொன்றாக விழும். கீழே தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

அன்று தோப்புக்குத் தோப்பு கிணறும், பம்புசெட் அடியில் திறந்த சிமெண்ட் தொட்டியும், வரப்போர வாய்க்காலும் இருந்தன. இன்று ஆழ்துளைக் கிணறு, மூடிபோட்ட பிளாஸ்டிக் தொட்டி, சொட்டுநீர்க் குழாய். தண்ணீர் மிச்சமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் தேரை முட்டையிட இடம் எங்கே? அதன் வம்சத்தைத் துல்லியமாக எழுதத் தெரிந்த இந்தக் காலத்தில்தான் அது குடியிருந்த தொட்டிகளை இடித்துக்கொண்டிருக்கிறோம். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தோப்புக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தொட்டி ஒன்றையாவது இடிக்காமல் தண்ணீரோடு விட்டுவையுங்கள். சாரல் நாளில் அதன் சுவரில் வெள்ளை நுரை தெரிந்தால், அழுக்கென்று தேய்த்துக் கழுவாமல் ஒரு வாரம் பொறுங்கள்.